கிணற்றுப் பங்கும் நீர்ச் சட்டமும்

திருநெல்வேலியின் செம்மண் தோட்டக் காணி உறுதிகளைப் புரட்டினால், பரப்புக் கணக்கோடு கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ஆறில்லாத குடாநாட்டில் நீரில்லாத காணிக்குப் பெறுமதி இல்லை. துலா மிதித்த காலத்திலும், இயந்திரம் வந்த பின்பும், பங்காளர்கள் முறை வைத்தே இறைத்தனர்.

இந்த ஒழுங்கை இடம்பெயர்வு குலைத்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் வெளியேறினர். திரும்பி வந்தபோது ஒரு பங்காளர் வெளிநாட்டில், இன்னொருவர் உயிரோடு இல்லை, உறுதியும் தொலைந்துவிட்டது. இனி யாருடைய முறை எது?

அதிகாரம் யாரிடம்?

இலங்கை ஒற்றையாட்சி நாடு. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் நீர்ப்பாசனத்தை மாகாண சபைகளுக்கு வழங்கியது. பல மாகாணங்களூடாக ஓடும் ஆறுகளின் திட்டங்கள் மத்திய அரசிடமே இருக்கின்றன. வட மாகாண சபை 2013இல் முதன்முதலாகத் தெரிவாகி, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. நிலத்தடி நீரை ஆராயும் நீர்வளச் சபையோ 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு அமைத்தது. 2000இல் அமைச்சரவை ஏற்ற தேசிய நீர்க் கொள்கை, நீர் விற்பனைப் பொருளாகிவிடும் என்ற விவசாயிகளின் அச்சத்தாலும் எதிர்ப்பாலும் கைவிடப்பட்டது.

கூட்டாட்சி இயல்புள்ள இந்தியாவில் நீர் மாநிலங்களின் விடயம். நிலத்தடி நீருக்கான மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு 1970இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. தமிழ்நாடு 2003இல் ஒரு சட்டத்தை இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. 2018இல் காவிரி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 இலிருந்து 177.25 ரி.எம்.சி. ஆகக் குறைத்தபோது, டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 ரி.எம்.சி.யையும் கணக்கில் எடுத்தது. அதிகாரம் எங்கிருந்தாலும், கிணற்றடி வரை சட்டம் வந்து சேர்வது அரிது என்பதே இவற்றின் படிப்பினை.

சுன்னாகம் தந்த பாடம்

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரல் 4ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. நீதி கிடைத்தது நல்லதே. ஆனால் நீர் கெட்டபின் வந்த நீதி அது. எமது நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக ஓடுவது. ஒரு வளவில் ஊற்றியது அயல் வளவுக் கிணற்றுக்கும் போகும். நன்னீர், கீழுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும்.

நாம் செய்யக்கூடியவை

1. உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதியைக் கேளுங்கள். கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் அதில் உள்ளனவா எனப் பாருங்கள். பிணக்கு இருந்தால் காலந்தாழ்த்தாது சட்டத்தரணியை நாடுங்கள்.

2. பங்காளர்கள் கூடி இறைப்பு முறையை எழுத்தில் வையுங்கள். வெளிநாட்டிலுள்ளவரின் சம்மதத்தையும் எழுத்திற் பெறுங்கள்.

3. நெடுநாள் கைவிடப்பட்ட கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, நீரைப் பரிசோதித்த பின்னரே குடியுங்கள். பசளையும் மலசலகூடக் குழியும் நைத்திரேற்றைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் அது போகாது. கைக்குழந்தையின் பால்மாவுக்கு அத்தகைய நீரைப் பாவிக்கவே வேண்டாம்.

4. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து இயன்றளவு தூரத்தில் அமையுங்கள். பசளையை அளவறிந்து இடுங்கள்.

5. மாரிமழையே எமது வைப்புப் பணம். குளங்களும் கேணிகளும் தூர்ந்து போகாமல் பிரதேச சபையிடம் ஊர்மக்களாகச் சேர்ந்து கேளுங்கள்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பங்காளர்கள் ஒப்புக்கொண்டு எழுதும் ஒரு பக்கத் தாளிலேயே எமது ஊரின் நீர்ச் சட்டம் தொடங்கலாம்.