பனிமலை ஏரி நாட்டில் பனிவண்டிப் பயணம்

பனி என்றால் நம் ஊரில் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் அந்தப் பனியையே. வானிலிருந்து பஞ்சு போல் உதிர்ந்து, ஆளுயரம் குவிந்து, மாதக் கணக்கில் கரையாமல் கிடக்கும் வெண்பனியை நம் முன்னோரில் பெரும்பாலோர் கண்டதில்லை. பிழைப்பை நாடி வடக்கே வந்து குடியேறிய நமக்கோ அது எட்டாத பொருள் அன்று. குளிர்கால விடுமுறையில் குடும்பத்துடன் காஷ்மீரம் சென்று வருவோர் நம் சங்கத்திலேயே பலர் உளர். அங்கே சென்று இறங்கியதும் பிள்ளைகள் முதலில் கேட்பது பனிவண்டிச் சவாரியைத்தான்.

அவ்வண்டி எத்தகையது, எங்கே ஓடுகிறது, எங்கே ஓடக்கூடாது என்பவற்றை நம் அன்பர்கள் புறப்படுமுன் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வண்டி பிறந்த கதை

பனிவண்டி இன்று உல்லாசச் சாதனமாக விளங்குகிறது. ஆயினும் அது பிறந்தது உல்லாசத்துக்காக அன்று. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஏரிகள் நிறைந்த வடபகுதியில் சேனர் என்ற சிற்றூர் உண்டு. அவ்வூரில் கார்ல் எலியாசன் என்பவருக்குக் காலில் ஊனம் இருந்தது. நண்பர்களோடு பனியில் வேட்டைக்கு நடந்து செல்ல அவரால் இயலவில்லை. ஆகவே 1924-ஆம் ஆண்டில் மரச்சறுக்குப் பலகையில் சிறு இயந்திரத்தைப் பூட்டித் தமக்கென ஒரு வண்டியை அமைத்துக் கொண்டார். 1927-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

கனடாவில் கியூபெக் மாகாணத்து வால்கூர் ஊரினரான ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியரின் கதை இன்னும் உருக்கமானது. 1934-இல் குளிர்காலத்தில் அவருடைய இளம் மகன் வயிற்று நோயால் துடித்தான். பாதைகளெல்லாம் பனியால் மூடிக் கிடந்தமையால் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியில்லை. குழந்தை இறந்தது. பனிமேல் ஓடும் வண்டியை உருவாக்க முன்பே முயன்று வந்த அத்தந்தை அதன் பின் விடாமல் உழைத்து, எழுவர் அமரும் வண்டியை உருவாக்கினார். பனி நாட்டில் மருத்துவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், அஞ்சல் மூட்டைகளும் அவ்வகை வண்டிகளில் சென்றனர். ஒருவர் இருவர் ஏறிச் செல்லும் சிறு வண்டியை, ஸ்கீ-டூ என்னும் பெயரில், அவர் 1959-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தார். நாம் இன்று காஷ்மீரத்தில் காணும் வண்டிகள் அந்த வகையைச் சேர்ந்தவையே.

வண்டியின் அமைப்பு எளிது. அதற்குச் சக்கரம் இல்லை. முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள். கைப்பிடியைத் திருப்பினால் அவை திரும்பும். பின்புறம் அகன்ற ரப்பர்ப் பட்டை ஒன்று முடிவின்றிச் சுழன்று பனியைக் கவ்வி வண்டியை முன்னே தள்ளும். வண்டியின் பாரம் முழுவதும் அந்த அகன்ற பட்டையின் மீதும் கட்டைகளின் மீதும் பரவி விடுவதால், மனிதன் கால் வைத்தால் இடுப்பு வரை புதையும் பனியிலும் வண்டி அதிகம் புதைவதில்லை. வலக்கைக் கட்டைவிரலால் வேகத்தைக் கூட்டுவதும் இடக்கையால் வேகத்தைத் தடுப்பதும் வழக்கம்.

பாதை என்பது யாது?

வெண்பனி மூடிய வெளியில் எல்லாப் பக்கமும் ஒன்று போலவே தோன்றும். வேலியும் இல்லை, வரப்பும் இல்லை. எங்கும் ஓட்டலாம் என்று மனம் மயங்கும். இவ்வண்டி பிறந்த நாடுகளில் அப்படி ஓட்டுவதில்லை. விஸ்கான்ஸின் மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 25,000 மைல் நீளத்துக்குப் பனிவண்டிப் பாதைகள் குறிக்கப்பட்டுள்ளன. உள்ளூர்ச் சங்கத்தினர் அவற்றை உழுது சமப்படுத்தி, திருப்பங்களிலும் கடவைகளிலும் அடையாளப் பலகை நட்டுக் காக்கின்றனர். 1964-ஆம் ஆண்டின் அமெரிக்க வனச் சட்டத்தின்படி காப்பு வனமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குள் இயந்திர வண்டிகள் பொதுவாக நுழையக் கூடாது.

உறைந்த ஏரியும் அவர்களுக்குத் திறந்த மைதானம் அன்று. பனிவண்டி செல்லத் தெளிந்த புதுப் பனிக்கட்டி 5 முதல் 7 அங்குலக் கனமேனும் இருத்தல் வேண்டும் என்று அங்கே எச்சரிப்பது வழக்கம். ஓடை வந்து கலக்கும் இடத்திலும் ஊற்றுள்ள இடத்திலும் ஏரியின் மேலோடு மெலிந்திருக்கும்; மேலே படிந்த பனி அதை மறைத்து விடும். தண்டவாளமும் கைகாட்டியும் நமக்கு அன்றாடப் பழக்கம். குறித்த தடத்தைக் காப்பதன் அருமையை ரயில்வே ஊழியருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

காஷ்மீரத்து ஏரிகளும் புல்வெளிகளும்

காஷ்மீரம் மலை ஏரிகளின் நாடு. தால் ஏரியும் உலர் ஏரியும் பள்ளத்தாக்கில் உள்ளவை. இவற்றுக்கு மேலே, மலைகளின் மடியில், வேறு பல ஏரிகள் உள்ளன. குல்மார்க்குக்கு மேலே அபர்வாத் சிகரத்தின் கீழ் அல்பத்தர் ஏரி உள்ளது. அதில் ஜூன் மாதம் வரையிலும் பனிக்கட்டி மிதப்பதுண்டு. ஸோனாமார்க்குக்கு அப்பால் விஷன்சர், கிருஷன்சர், கட்சர், சத்சர் என்னும் ஏரிகளும், ஹர்முக் மலையடியில் கங்காபல் ஏரியும் உள்ளன. இவையெல்லாம் கடல் மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டருக்கும் உயரத்தில் இருப்பவை. கோடையில் நடந்து சென்று காணத் தக்கவை. குளிர்காலத்தில் பயணிகளை ஏற்றும் பனிவண்டிகள் அவற்றை நோக்கிச் செல்வதில்லை. ஏரிகளுக்குக் கீழே உள்ள புல்வெளிகளே சவாரிக்கு உரிய இடங்கள். மார்க் என்ற சொல்லே அந்நாட்டில் புல்வெளியைக் குறிக்கும்.

இவற்றுள் தலையாயது குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தங்மார்க் வரை சாதாரணப் பாதை. அங்கிருந்து 13 கிலோமீட்டர் மலை ஏற்றம். பனிக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி பூட்டிய வண்டிகளையே மேலே விடுவர். குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர். நடுவே கிண்ணம் போன்ற பெரும் புல்வெளி. கோடையில் அது கோல்ஃப் மைதானம். சுற்றிலும் தேவதாரு வகை மரங்கள். அங்கிருந்து கம்பிவட ஊர்தி 1998 முதல் கொங்டூரி வரையிலும், 2005 முதல் அபர்வாத் சரிவின் உச்சிப் பக்கம் வரையிலும் செல்கிறது. பனிவண்டிகள் ஓடுவது கீழே உள்ள கிண்ண வெளியிலும் கொங்டூரியைச் சூழ்ந்த வெளியிலுமாம். முதல் முறை செல்வோருக்கும், குழந்தைகளுக்கும், வயதானோருக்கும் கீழ்வெளியே ஏற்றது. கொங்டூரியில் காட்சி பெரிது; காற்றும் குளிரும் கடுமை.

ஸோனாமார்க் முன்னாளில் குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடந்தது. 2025 ஜனவரி 13-இல் ஆறரைக் கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பின் பனிக்காலத்திலும் அங்கே செல்ல வழி பிறந்தது.

வண்டியோட்டி சொன்ன சொல்

2024 பிப்ரவரி மாதக் கடைசியில் நாங்கள் நான்கு குடும்பத்தார் சேர்ந்து குல்மார்க் சென்றிருந்தோம். அவ்வாண்டு ஜனவரியில் பெரும்பகுதியும் அங்கே பனியே விழவில்லை. டிசம்பர் 21 முதல் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரத்தார் சில்லை கலான் என்பர். அந்த நாற்பது நாளில் பெரும்பகுதியும் புல்வெளி பழுப்பாகவே கிடந்தது. ஜனவரிக் கடைசியில்தான் பனி வந்தது.

எங்களுக்கு வாய்த்த வண்டியோட்டி நாற்பது வயதைக் கடந்தவர். நீண்ட அங்கிக்குள் காங்கிரி எனும் கணப்புச் சட்டியை அணைத்தபடி நின்றார். வண்டி அவருடையது அன்று, முதலாளி வேறு. பனியில்லாத ஜனவரியில் ஒரு நாள் கூடக் கூலி காணவில்லை என்று ஹிந்தியில் சொன்னார். பிள்ளைகளைத் தமக்கு முன்னே அமர்த்தி, மெல்ல ஒரு வட்டம் சுற்றி வந்தார். எங்களுடன் வந்த அறுபத்தைந்து வயது மாமி ஒருவரும் துணிந்து ஏறி, இறங்கியபின், "திருப்பதிக் குடை ஊர்வலத்தில் போன மாதிரி இருந்தது" என்றார்.

எங்களுள் ஓர் இளைஞருக்கு அது போதவில்லை. மரங்களுக்கு மேலே தெரிந்த வெண் சரிவைக் காட்டி, அங்கே அழைத்துச் செல்லுமாறும், இரு மடங்கு பணம் தருவதாகவும் வண்டியோட்டியிடம் சொன்னார். வண்டியோட்டி தலையை அசைத்தார்.

"பணம் எனக்கு வேண்டும், சாஹிப். வீட்டில் நான்கு பேர் சாப்பிட வேண்டும். ஆனால் மேலே இருக்கும் பனி இன்னும் இறுகவில்லை. போன வாரம் அங்கே ஒருவர் இறந்து போனார். வேறு எவரேனும் அழைத்துப் போகிறேன் என்றாலும் போகாதீர்கள்."

இளைஞர் மீண்டும் வற்புறுத்தத் தொடங்கினார். மாமி குறுக்கிட்டு, "தம்பி, ஒரு மாசம் கூலி இல்லாமல் இருந்த மனுஷர் கையில் வருகிற காசை வேண்டாம் என்கிறார். அதற்கு மேல் என்னப்பா சொல்ல வேண்டும்?" என்றார். இளைஞர் மௌனமானார்.

எல்லைக்கு அப்பால்

வண்டியோட்டி சொன்னது உண்மையே. 2024 பிப்ரவரி 22-இல் குல்மார்க்கின் மேற்சரிவில் பனிச்சரிவு நேர்ந்து ரஷ்ய நாட்டுப் பனிச்சறுக்காளர் ஒருவர் உயிரிழந்தார். உடன் சென்றோர் மீட்கப்பட்டனர். 2023 பிப்ரவரி 1-இல் அபர்வாத் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். 2010 பிப்ரவரி 8-இல் கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த நம் ராணுவ வீரர் 17 பேரைப் பனி விழுங்கியது. மலையையே தொழிலாகக் கற்றவர்களுக்கே இக்கதி நேருமாயின், இரண்டு நாள் விடுமுறையில் வந்த நம் நிலை என்ன?

பழைய பனி இறுகிக் கிடக்கும்போது அதன்மேல் புதுப்பனி குவிந்தால் இரண்டும் உடனே ஒட்டுவதில்லை. 30 முதல் 45 பாகைச் சாய்வுள்ள சரிவுகளில் மேலடுக்கு நழுவக் காத்திருக்கும். ஓர் ஆளின் பாரமோ ஒரு வண்டியின் பாரமோ அதை அவிழ்த்து விடப் போதும். புதையுண்டவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்பு மிகுதி. நேரம் செல்லச் செல்ல அது விரைவாகக் குறையும். ஆகவே சமவெளிச் சவாரியோடு நிறுத்திக் கொள்ளுங்கள் என்று உள்ளூரார் சொல்வது உயிர் காக்கும் சொல்.

பனியின் வரவும் இப்போது நம்பத் தக்கதாக இல்லை. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுக்கள் பனியில்லாமையால் தள்ளி வைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. பனி பொய்த்தால் நமக்கு ஒரு விடுமுறை வீணாகும். வண்டியோட்டிக்கும், சறுக்குப் பலகை இழுப்பவருக்கும், தேநீர்க் கடைக்காரருக்கும் ஆண்டுப் பிழைப்பே வீணாகும். அதே ஆண்டு ஏப்ரல் 22-இல் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன, படிப்படியாகவே திறக்கப்பட்டன. அத்துயரிலும் பயணிகளை நம்பி வாழ்வோர் வருவாய் இழந்தனர்.

செல்வோர் கவனத்திற்கு

ரயில் மார்க்கம் இப்போது காஷ்மீரப் பள்ளத்தாக்கு வரை இணைந்து விட்டது. உதம்பூர் முதல் பாராமுல்லா வரை 272 கிலோமீட்டர் பாதையில் கடைசியாக எஞ்சியிருந்த பகுதி 2025 ஜூன் 6-இல் திறக்கப்பட்டது. ஆற்றுப் படுகைக்கு 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தின் மீது இப்பாதை செல்கிறது. கன்னியாகுமரியிலிருந்து வரும் ஹிமசாகர் விரைவு வண்டி கட்ராவில் முடிகிறது. அங்கிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் வண்டி உண்டு. ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து அழைத்துச் செல்ல எண்ணும் அன்பர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

புறப்படுமுன் எந்த இடம் திறந்துள்ளது, பனி உள்ளதா என்பவற்றைக் காஷ்மீரச் சுற்றுலாத் துறையினரிடம் கேட்டறிக. சவாரிக் கட்டணத்தையும், தூரத்தையும், வட்டங்களின் எண்ணிக்கையையும் ஏறுமுன்பே பேசி முடிக்க. தலைக்கவசம் கேட்டு வாங்கி அணிக. பெண்மணிகள் சேலை முந்தானை, துப்பட்டா, கழுத்துத் துணி ஆகியவற்றை மேலங்கிக்குள் செருகிக் கொள்ளுதல் அவசியம்; சுழலும் பட்டையில் துணி சிக்கினால் பேராபத்து. நீர் புகாத காலணியும் கையுறையும் தங்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். வெண்பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்குமாதலால் கறுப்புக் கண்ணாடி வேண்டும். இருதய நோயும் மூச்சுத் தொல்லையும் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் கம்பிவட ஊர்தியின் மேல்நிலைக்குச் செல்லலாகாது. தாமே வண்டியை ஓட்ட விரும்பும் இளைஞர் ஆளில்லாச் சமவெளியில், வண்டியோட்டி உடனிருக்க, மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சரிவுகளின் பக்கம் வேண்டாம்.

வண்டியோட்டி போகக் கூடாது என்று மறுத்தால் அவரிடம் பேரம் பேசாதீர்கள். அவர் மறுத்ததற்காகச் சிறிது சேர்த்துக் கொடுத்து வாருங்கள். நம் பிள்ளைகள் பனியைக் கண்டு மகிழ்ந்து பத்திரமாக வீடு திரும்ப அவரே காரணமாவார். வரும் குளிர்காலத்தில் செல்ல எண்ணும் குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து சென்றால் வாகனச் செலவும் குறையும். வயதானோருக்கும் குழந்தைகளுக்கும் துணையும் கிட்டும். சென்று வந்தவர்கள் தாங்கள் கண்டதை இப்பத்திரிகைக்கு எழுதி உதவினால் பின்வருவோருக்கு வழிகாட்டியாக அமையும்.