தறியில் உட்கார்ந்தால் சுகம். தெருவில் நடந்தால் கால் மரத்துப் போகிறது!
நெசவாளரைப் படுத்தும் முதுகெலும்பு நோய்

ஆரணி:

ஆரணிப் பட்டுக்குத் தனி மவுசு உண்டு. புவிசார் குறியீடும் பெற்றாகிவிட்டது. நெய்கிறவர் இடுப்பு படும் பாடு மட்டும் சேலையில் தெரிவதில்லை.

அறுபதை நெருங்கும் நெசவாளர் காலையில் குழித்தறியில் இறங்குகிறார். குனிந்து உட்கார்ந்து மிதியை மிதிக்கிறார். வலியே இல்லை. டீ குடிக்கக் கடைத்தெருவுக்கு நடந்தால் நூறு அடிக்குள் தொடை இழுக்கிறது, கால் மரக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. சைக்கிள் மிதித்தாலும் தொந்தரவு இல்லை. "நடக்க மட்டும் சோம்பலா?" என்று வீட்டில் கேலி வேறு!

சோம்பல் அல்ல. இடுப்பெலும்புக்குள் நரம்பு போகும் பாதை குறுகிவிட்டது. நிமிர்ந்தால் இன்னும் இறுகும். குனிந்தால் கொஞ்சம் விரியும். ஹாலந்து டாக்டர் வெர்பீஸ்ட் 1954-லேயே இதை விளக்கிவிட்டார். பழியைத் தறி மேல் மட்டும் போட முடியாது. வயதுதான் முதல் காரணம்.

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. மாத்திரை, உடற்பயிற்சியில் பலர் சமாளிக்கிறார்கள். அதிலும் கேட்காமல் நடை குறைந்துகொண்டே போனால்தான் ஆபரேஷன். சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி!

கண்ணமங்கலம் வழியாகப் பஸ் ஏறினால் வேலூர். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில்தான் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்.

ஆபரேஷனில் நரம்பை வெட்டுவதில்லை. அதை நெரிக்கும் எலும்பையும் தடித்த சவ்வையும் செதுக்கி எடுத்து வழி விடுகிறார்கள். எலும்பு நழுவியிருந்தால் ஸ்குரூ போடுவதும் உண்டு. பெரும்பாலோரை மறுநாளே நடக்க வைத்துவிடுகிறார்கள். கால் வலி நன்றாகக் குறையும். முதுகு வலி அந்த அளவுக்குக் குறையும் என்று சொல்ல முடியாது. வருஷக்கணக்கில் மரத்துப்போன கால் முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

செலவு? குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் இருந்தால் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தொகை என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

கூலிதான் பெரிய கவலை. கனமான வேலைக்கு இரண்டு, மூன்று மாதம் தடை. தறிக்குழியில் இறங்கி ஏறுவதும் அதில் சேர்த்திதான். நெய்தால்தானே கூலி! அதுவரை நாடாவை மகனோ மருமகளோ இழுத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.