மைசூரு அரசின் முதல் நாணயங்கள்: இறையாண்மையைப் பறைசாற்றிய சிறு பொற்காசு

மைசூரு: மைசூரு அரசு தனக்கென முதன்முதலில் வெளியிட்ட நாணயம், அரை கிராமுக்கும் குறைவான எடை கொண்ட ஒரு சிறிய பொற்காசு ஆகும். ‘கண்டீரவா பணம்’ என்று அழைக்கப்பட்ட இக்காசை வெளியிட்டவர், 1638 முதல் 1659 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்து ஆட்சி புரிந்த முதலாம் கண்டீரவ நரசராஜ உடையார்.

விஜயநகரப் பேரரசுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்களாகவே உடையார்கள் முன்பு இருந்தனர். பேரரசு நலிவுற்ற வேளையில் மன்னர் தமது பெயரில் நாணயம் வெளியிட்டது, இனி யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்ற அறிவிப்பாக அமைந்தது. காசின் முன்புறம் நரசிம்மர் உருவமும், பின்புறம் மன்னரின் பெயரும் பொறிக்கப்பட்டன. ‘கண்டீரவ’ என்ற சொல்லுக்குச் சிங்கம் என்று பொருள். பத்துப் பணம் ஒரு வராகனாகக் கணக்கிடப்பட்டது. ஆனால், கண்டீரவா வராகன் என்பது கணக்கேடுகளில் மட்டுமே வழங்கிய மதிப்பாகும்.

1761-ல் அதிகாரத்தைக் கைப்பற்றிய ஹைதர் அலி, தமது வராகனில் சிவன்-பார்வதி உருவங்களை இடம்பெறச் செய்தார். பின்புறத்தில் அவரது பெயரின் முதல் பாரசீக எழுத்து மட்டுமே இருந்தது. மக்களுக்குப் பழகிய காசே சந்தையில் எளிதில் ஏற்கப்படும் என்பதால், பழைய வடிவத்தை அவர் கைவிடவில்லை.

அவருடைய மகன் திப்பு சுல்தான் பெரும் மாற்றங்களைச் செய்தார். ரூபாய்க்கு ‘இமாமி’ என்று பெயரிட்ட அவர், செப்புக் காசுகளுக்குக் கோள்கள், விண்மீன்களின் பெயர்களைச் சூட்டினார். அச்செப்புக் காசுகளில் யானை உருவம் தொடர்ந்து இடம்பெற்றது. பின்னர் அவர் புகுத்திய மவ்லூதி ஆண்டுமுறையில், ஆண்டின் எண்கள் வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டன. இதை அறியாதோர் ஆண்டைத் தவறாகப் படிக்க நேரிடும்.

1799-ல் திப்பு வீழ்ந்தபின் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அரியணையில் அமர்த்தப்பட்டார். கண்டீரவா பணமும் மீண்டும் அச்சிடப்பட்டது. அவர் காலத்துச் செப்புக் காசுகளில் கன்னடத்துடன் ஆங்கிலமும் இடம்பெற்றது. தமிழரும் கன்னடரும் வழங்கும் ‘காசு’ என்ற சொல், அவற்றில் ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’ என்று பொறிக்கப்பட்டது.

1831-ல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைத் தம் வசம் எடுத்துக்கொண்டனர். நாணயச்சாலை பெங்களூருவுக்கு மாற்றப்பட்டு, 1843-ல் மூடப்பட்டது. சுமார் இரு நூற்றாண்டுகள் நீடித்த மைசூருவின் நாணய உரிமை அத்துடன் முடிவுக்கு வந்தது. தற்போது இந்நகரில், 1995-ல் தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் ரூபாய் நோட்டுகளை அச்சிட்டு வருகிறது.