கண்ணுக்குத் தெரியாத குழாயடிச் சண்டை!

வீட்டில் வை-பை பெட்டி இருக்கிறது. மாதம் தவறாமல் பணம் கட்டுகிறீர்கள். செல்போனின் உச்சியில், விசிறி போன்ற அந்தச் சின்னம் முழுமையாகத் தெரிகிறது. சிக்னல் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

ஆனால், மகன் பார்க்கும் பாடம் பாதியில் நிற்கிறது. ஆசிரியர் வாயைத் திறந்தபடி சிலையாக நிற்கிறார். திரையில் வளையம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கம்பெனிக்குப் போன் செய்தால் என்ன சொல்கிறார்கள்?

"இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறுங்கள். மாதம் கொஞ்சம் கூடுதலாக ஆகும்."

பொறுங்கள்! பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காசு வேண்டாம். ஆள் வரவேண்டாம். உங்கள் கையில் இருக்கும் செல்போனே போதும்.

வளைவுகள்

"வை-பை அனலைசர்" என்று ஒரு வகைச் செயலி உண்டு. ஆண்ட்ராய்டு செல்போனில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதே பெயரில் பல செயலிகள் இருக்கின்றன. விளம்பரத் தொல்லையே இல்லாததும் அவற்றில் உண்டு.

திறந்ததும், "நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்கும். வை-பையைச் சோதிக்க இடம் எதற்கு என்று சந்தேகம் வரும். சந்தேகப்படுவது நல்லதுதான். ஆனால், இதற்குக் காரணம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் எந்தெந்தப் பெட்டிகள் இருக்கின்றன என்று தெரிந்தால், நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆகவே, அந்தப் பட்டியலைப் பார்க்கும் செயலி உங்கள் அனுமதியைக் கேட்டே ஆகவேண்டும்.

அனுமதி கொடுத்ததும் திரையில் என்ன தெரிகிறது?

வளைவுகள்! வானவில் போல ஒன்றின் மேல் ஒன்றாக வளைவுகள். ஒரு வளைவு என்றால் ஒரு வை-பை பெட்டி. வளைவு உயரமாக இருந்தால் சிக்னல் பலமானது. குட்டையாக இருந்தால் பலவீனமானது. தலையில் பெட்டியின் பெயர் இருக்கும். காலடியில் ஓர் எண் இருக்கும்.

உங்கள் வீட்டில் இருப்பது ஒரே பெட்டிதான். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் திரையில் பத்துப் பதினைந்து வளைவுகள் முட்டி மோதுவதைப் பார்க்கலாம். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு, தெருமுனைக் கடை எல்லாம் அங்கே இருக்கும்.

காலடியில் இருக்கும் எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். அதற்கு "சேனல்" என்று பெயர்.

குடம் அல்ல, அண்டா!

வை-பை என்பது ரேடியோ அலை. பழைய வகைப் பெட்டிகளில் அந்த அலை ஒரு நொடிக்கு சுமார் 240 கோடி தடவை அதிர்கிறது. இந்த அலைவரிசையை, குறைந்த சக்தி உள்ள கருவிகளில் லைசென்சு இல்லாமலே பயன்படுத்தலாம் என்று 2005-ம் ஆண்டு இந்திய அரசு விதி வகுத்தது. லைசென்சு வேண்டாம் என்றால் கூட்டம் கூடாதா? கூடிவிட்டது!

இதை 13 சேனல்களாகப் பிரித்திருக்கிறார்கள். 13 குழாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், குழாய்களை நெருக்கி நெருக்கிப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் கொண்டு வருவதோ குடம் அல்ல, பெரிய அண்டா! 1-ம் குழாயில் அண்டாவை வைத்தால் அது 2, 3-ம் குழாய்களையும் மறைத்துக்கொள்கிறது.

ஒன்றோடு ஒன்று இடிக்காமல் எத்தனை அண்டா வைக்கலாம்? மூன்றுதான். 1-ம் குழாயில் ஒன்று, 6-ம் குழாயில் ஒன்று, 11-ம் குழாயில் ஒன்று.

உங்கள் பெட்டியும் பக்கத்து வீட்டுப் பெட்டிகள் ஐந்தும் 6-ம் சேனலில் இருந்தால் என்ன ஆகும்? வரிசையில் நிற்க வேண்டியதுதான். வை-பை பெட்டி மரியாதை தெரிந்தது. பேசுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேட்கும். வேறு ஒரு பெட்டி பேசிக்கொண்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். அது முடிந்த பிறகே தான் பேசும்.

முழு சிக்னல் இருந்தும் பாடம் நின்றுபோகும் ரகசியம் இதுதான். உங்கள் அண்டா பெரியதுதான். ஆனால், முறை வரவில்லையே!

இரவு 8 மணிக்கு மேல் ஊரே படம் பார்க்கிறது. அப்போது வரிசை நீளுகிறது. காலை 5 மணிக்கு அதே பெட்டி சிட்டாகப் பறக்கிறது. கவனித்திருப்பீர்கள்.

இன்னொரு சங்கதி. "6-ல் கூட்டம், 11-ல் கூட்டம், 3 காலியாக இருக்கிறதே" என்று அங்கே போய் உட்காரக் கூடாது. 1-ல் இருக்கும் பெட்டியின் பேச்சும், 6-ல் இருக்கும் பெட்டியின் பேச்சும் அங்கே வெறும் இரைச்சலாகக் காதில் விழும். பேச்சு என்று தெரிந்தால் அல்லவா முறை பார்த்துக் காத்திருக்கும்? இதுவும் பேச, அவையும் பேச, எல்லோருடைய பேச்சும் குழம்பும். குழம்பியதை மறுபடி மறுபடி அனுப்ப வேண்டும். வரிசையில் நிற்பதை விட இது மோசம்.

ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்றில் எதில் வளைவுகள் குறைவாகவும் குட்டையாகவும் இருக்கின்றன என்று பாருங்கள். அதற்கு மாறுங்கள்.

மாற்றுவது எப்படி? செயலியால் மாற்ற முடியாது. அது காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். உங்கள் பெட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் 192.168.1.1 என்பது போல ஓர் எண் இருக்கும். செல்போனை அந்த வை-பையில் இணைத்துக்கொண்டு, இன்டர்நெட் பார்க்கும் இடத்தில் இந்த எண்ணைத் தட்டினால் பெட்டியின் உள்பக்கம் திறக்கும். பயனாளர் பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதே சீட்டில் இருக்கும். உள்ளே "வயர்லெஸ்" என்ற பகுதியில் சேனல் இருக்கிறது. "ஆட்டோ" என்று இருப்பதை எடுத்துவிட்டு எண்ணைப் போடலாம். தெரியாவிட்டால், அடுத்த முறை வரும் மெக்கானிக்கிடம் எண்ணைச் சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

புதிய பெட்டிகளில் இன்னொரு அலையும் உண்டு. அது நொடிக்கு சுமார் 500 கோடி தடவை அதிர்வது. அங்கே சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு, வேகமும் கூடுதல். பெட்டியின் பெயருக்குப் பின்னால் "5ஜி" என்று சேர்ந்திருக்கும். செல்போன் கம்பெனிகளின் 5ஜி-க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர்க் குழப்பம், அவ்வளவே! பெட்டி இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். சுவரைத் தாண்டினால் இதன் பலம் சீக்கிரம் குறைந்துவிடும்.

கடன் கணக்கு

செயலியில் இன்னொரு கணக்கும் தெரியும். -45, -60, -78 என்று கழித்தல் குறியோடு எண்கள். இதைக் கண்டு மிரள வேண்டாம். கடன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 40 ரூபாய் கடன்காரன், 70 ரூபாய் கடன்காரனை விட மேல் அல்லவா? அப்படித்தான் இதுவும். எண் சிறியதாக இருந்தால் சிக்னல் நல்லது.

-50 என்றால் பிரமாதம். -67 வரை படம் தடங்கல் இல்லாமல் ஓடும். -80 என்றால் இழுத்துக்கொண்டிருக்கிறது. -90 என்றால் கதை முடிந்தது.

10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. முன் அறையில் -40 இருந்து, படுக்கை அறையில் -70 இருந்தால், அங்கே போய்ச் சேர்வது ஆயிரத்தில் ஒரு பங்குதான்!

செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நிற்க வேண்டும். 2018-ம் ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், இத்தகைய செயலிகள் 2 நிமிடத்துக்கு 4 தடவைதான் அலசிப் பார்க்கலாம் என்று கட்டுப்பாடு வந்துவிட்டது. ஓடிக்கொண்டே பார்த்தால் பழைய எண்ணைத்தான் பார்ப்பீர்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி குறைவு. மற்ற செயலிகள் அக்கம்பக்கப் பெட்டிகளைப் பார்க்க ஆப்பிள் கம்பெனி விடுவதில்லை.

எங்கே எண் சட்டென்று விழுகிறதோ, அங்கே குறுக்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கான்கிரீட் சுவர் இருக்கும். இரும்புப் பீரோ இருக்கும். ஆள் உயரக் கண்ணாடி இருக்கும். கண்ணாடியின் பின்னால் பூசிய ரசம் அலையைத் திருப்பி அடித்துவிடும். தண்ணீரும் அலையை விழுங்கும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போதும் 240 கோடி அலைக்கு ஆபத்து. அந்த அடுப்பு வேலை செய்வதே சுமார் 245 கோடி அதிர்வில்!

பல வீடுகளில் பெட்டி எங்கே இருக்கிறது? வாசல் மூலையில், செருப்பு அலமாரிக்கு மேலே. ஒயர் அங்கே வந்ததால் அங்கேயே வைத்துவிட்டார்கள். பாதி அலை தெருவுக்குப் போகிறது. தெருவில் போகிற மாட்டுக்கு எதற்கு வை-பை? ஒயரைக் கொஞ்சம் நீட்டி, வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் வைத்தால் பாதி நோய் தீர்ந்தது.

பூட்டு இருக்கிறதா?

பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில் சிறு பூட்டும் சில எழுத்துக்களும் தெரியும். "டபிள்யூ.பி.ஏ.2" அல்லது "டபிள்யூ.பி.ஏ.3" என்று இருந்தால் நல்லது. "டபிள்யூ.இ.பி." என்று இருந்தால் அது துருப்பிடித்த பூட்டு. அதை உடைக்கும் வழி 2001-ம் ஆண்டே வெளியாகிவிட்டது. பூட்டே இல்லாவிட்டால்?

2008-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி. ஆமதாபாத் நகரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால், டெலிவிஷன் நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் இ-மெயில் போயிருந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் தேடினார்கள். நவி மும்பையில் ஒரு வீட்டைக் காட்டியது துப்பு. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருடைய கம்ப்யூட்டர்களைப் போலீசார் எடுத்துச் சென்றார்கள். அவரைத் துருவித் துருவி விசாரித்தார்கள்.

அந்த இ-மெயிலை எழுதியவர் அவர் அல்ல! அவருடைய வை-பையை வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டு, கடிதத்தை அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். பெட்டி அவருடையது. அதனால் போலீசார் தட்டியது அவர் வீட்டுக் கதவை.

இதற்குப் பிறகு மும்பைப் போலீசார், பூட்டு இல்லாத வை-பைகளைத் தெருத்தெருவாகத் தேடப் போவதாக 2009 ஜனவரியில் அறிவித்தார்கள். நீங்கள் உங்கள் வீட்டு வாசலில் நின்று செயலியைத் திறந்து பார்ப்பதும் அதே வேலைதான்.

பூட்டு இல்லாத பெட்டி பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். "இலவசமாகக் கிடைக்கிறதே" என்று உள்ளே நுழைய வேண்டாம். கெட்ட எண்ணத்தோடு பிறர் பெட்டியில் அனுமதி இல்லாமல் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

"பக்கத்து வீட்டுப் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். அடுத்த வீட்டுப் பூட்டைத் திறந்து தருகிறேன் என்று வருகிறவன், உங்கள் வீட்டுக்குள் வந்து என்னென்ன எடுப்பான் என்று யார் கண்டது?

வெளியூர் போகும்போதும் ஒரு எச்சரிக்கை தேவை. பெட்டிக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். ரயில் நிலையத்து வை-பையின் பெயரையே, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் தன் செல்போனுக்குச் சூட்ட முடியும். எது அசல், எது போலி என்று செயலி சொல்லாது. வை-பையில் இணைவதற்காக ஏ.டி.எம். ரகசிய எண்ணை யாராவது கேட்டால், கேட்பவன் திருடன். பணம் அனுப்புகிற வேலையை உங்கள் சொந்த சிம் கார்டு மூலமே செய்துகொள்ளுங்கள்.

பொங்கலுக்கு வரும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் படி ஏறியதும் பாஸ்வேர்டைத்தான் கேட்கிறார்கள். பல பெட்டிகளில் "கெஸ்ட்" என்று ஒரு வசதி இருக்கிறது. விருந்தாளிகளுக்கு என்று தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு வைத்துக் கொடுக்கலாம். அவர்கள் ஊருக்குப் போனதும் அதை மட்டும் அணைத்துவிடலாம்.