ஆளுக்கொரு விலை

ஒரே கடையில், ஒரே நேரத்தில், ஒரே பொருளை வாங்கும் இருவருக்கு வெவ்வேறு விலைகளைக் காட்டுவதும், அந்த வேறுபாட்டை அவ்விருவரைப் பற்றித் திரட்டிய தகவல்களைக் கொண்டே தீர்மானிப்பதும் இணைய வணிகத்தில் இயலக்கூடியதாகிவிட்டன. இதைச் சட்டத்தால் தடுக்க வேண்டுமா, அல்லது வாங்குபவருக்கு அறிவித்தால் மட்டும் போதுமா என்ற விவாதம் இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. அமெரிக்காவில் 'கண்காணிப்பு விலை நிர்ணயம்' என்று அழைக்கப்படும் இம்முறையில், வாங்குபவரின் இருப்பிடம், வயது, முந்தைய கொள்முதல்கள், இணையத்தில் தேடியவை, பயன்படுத்தும் கருவி முதலிய தனிநபர் தரவுகள் ஓர் அல்காரிதத்துக்கு, அதாவது உள்ளிட்ட தரவுகளை வரையறுத்த விதிகளின்படி ஆராய்ந்து முடிவு சொல்லும் கணினி வழிமுறைக்கு, அளிக்கப்படுகின்றன. அவர் எவ்வளவு வரை கொடுக்கத் துணிவார் என்பதை அது மதிப்பிட, விலை அதற்கேற்ப அமைகிறது.

விலை மாறுவதெல்லாம் இந்த வகையைச் சேர்ந்ததன்று. பண்டிகைக் காலத்தில் விமானக் கட்டணம் உயர்வதும், மழை பெய்யும்போது வாடகைக் கார் கட்டணம் கூடுவதும் தேவைக்கும் இருப்புக்கும் ஏற்ற மாற்றங்கள். அந்த நேரத்தில் கேட்கும் எவருக்கும் அதே கட்டணமே சொல்லப்படும். மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் அளிக்கும் சலுகையோ வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட தகுதியைப் பொறுத்தது. கண்காணிப்பு விலை இவ்விரண்டிலிருந்தும் வேறுபடுவது, அதன் அடிப்படை வாங்குபவருக்குத் தெரியாமல் மறைந்திருப்பதால்தான்.

பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகூ 1920இல் வெளியிட்ட நலப் பொருளியல் நூலில் விலைப் பாகுபாட்டை மூன்று படிகளாகப் பிரித்தார். வாங்குபவர்களைக் குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கொரு விலை வைப்பது அவற்றுள் மூன்றாம் படி. ஒவ்வொருவரிடமும் அவர் கொடுக்கக்கூடிய உச்ச விலையையே பெறுவது முதற்படி. வாங்குபவரின் உள்ளத்தை அறிய விற்பவருக்கு வழியில்லாத வரையில் அந்த முதற்படி பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. கைப்பேசியும் இணையமும் தரும் தரவுகள் இப்போது அதை நடைமுறைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்துள்ளன.

பேரம் பேசும் சந்தைகளில் ஆளுக்கொரு விலை என்றும் இருந்ததே என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பேரத்தில் வாங்குபவருக்கும் பேச்சுரிமை இருந்தது. அவர் அடுத்த கடைக்குப் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வரலாம், தம் அவசரத்தை முகத்தில் காட்டாமல் மறைக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸின் போன் மார்ஷே, ஃபிலடெல்ஃபியாவின் வானமேக்கர் முதலிய பெருங்கடைகள் பொருள்மீது விலைச்சீட்டை ஒட்டி, எவருக்கும் ஒரே விலை என்ற வழக்கத்தைப் பரப்பின. அல்காரிதம் அந்த வழக்கத்தைக் கைவிட்டுப் பேரத்தின் ஒரு பாதியை மட்டும் மீட்டுக்கொண்டு வருகிறது: விற்பவர் வாங்குபவரை அளந்தறிகிறார், வாங்குபவருக்கோ எதிரே இருப்பவர் என்ன அறிந்திருக்கிறார் என்பதே தெரிவதில்லை.

இதன் செயல்பாட்டை அறிய அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் மாஸ்டர்கார்டு, ஜேபி மார்கன் சேஸ், அக்சென்சர், மெக்கின்சி உள்ளிட்ட எட்டு நிறுவனங்களிடம் விவரம் கோரியது. விலை நிர்ணயத்துக்கான கருவிகளையும் ஆலோசனையையும் பிற வணிகங்களுக்கு அளிக்கும் இடைநிலை நிறுவனங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆராய்ந்து, 2025 ஜனவரியில் அது முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டது. இருப்பிடமும் தேடல் வரலாறும் மட்டுமின்றி, வலைப்பக்கத்தில் சுட்டெலி நகரும் விதமும், கூடையில் சேர்த்து வாங்காமல் விட்ட பொருள்களும்கூட விலையைத் தீர்மானிக்கும் தரவுகளாகலாம் என்பது அவற்றுள் ஒன்று. அண்மையில் குழந்தை பெற்றவர் என்று கணிக்கப்பட்டவருக்குத் தேடலின் முதற்பக்கத்தில் விலை கூடிய குழந்தை வெப்பமானிகளையே காட்டலாம் என்ற கற்பனை எடுத்துக்காட்டையும் ஆணையம் தந்தது. விலையை மாற்றாமலேயே செலவைக் கூட்ட முடியும் என்பதை அது உணர்த்துகிறது.

நடந்த நிகழ்வுகளும் உண்டு. 2000ஆம் ஆண்டில் அமேசான் ஒரே டிவிடியை வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு வெவ்வேறு விலையில் விற்றது வெளிப்பட்டபோது, அது தனிநபர் விவரங்களைச் சாராத சோதனை என்று விளக்கிய நிறுவனம், கூடுதலாகக் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. ஸ்டேபிள்ஸ் நிறுவனத்தின் இணையக் கடை, வாடிக்கையாளரின் வட்டாரத்தைக் கணித்து, அருகே போட்டிக் கடை இருந்தால் குறைந்த விலையையும் இல்லாவிட்டால் கூடிய விலையையும் காட்டியதை 2012இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கண்டறிந்தது. சலுகை விலை கிடைத்த பகுதிகளின் சராசரி வருமானம் கிடைக்காத பகுதிகளைவிடக் கூடுதலாக இருந்தது. பிரின்ஸ்டன் ரிவ்யூ நிறுவனத்தின் இணையவழித் தேர்வுப் பயிற்சிக்கு அஞ்சல் குறியீட்டைப் பொறுத்துக் கட்டணம் மாறியதை 2015இல் ஆராய்ந்த புரோபப்ளிகா செய்தி நிறுவனம், ஆசிய வம்சாவளியினருக்கு உயர்ந்த கட்டணம் காட்டப்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததைக் கண்டது. இனத்தைப் பார்த்து விலை வைக்கும் நோக்கம் எவருக்கும் இல்லாதபோதும், வட்டாரத்தைப் பார்த்து வைக்கும் விலை அதே விளைவைத் தந்துவிடுகிறது.

இம்முறையை ஆதரிக்கும் பொருளியலாளர்கள், வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுப்பதால் வசதியற்றவருக்குக் குறைந்த விலையில் பொருள் கிடைக்கும் என்பர். சில சந்தைகளில் அவ்வாறு நிகழவும் கூடும். ஆயினும் அல்காரிதம் அளப்பது ஒருவரின் செல்வத்தை அன்று, அவருக்கு வேறு வழி இருக்கிறதா என்பதையே. நோயுற்ற குழந்தைக்கு மருந்து தேடுபவரும், அருகில் வேறு கடை இல்லாதவரும், விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க நேரமற்ற தொழிலாளியும் ஏழைகளாக இருந்தாலும் கூடுதலாகக் கொடுக்க இசைவர். ஸ்டேபிள்ஸ் நிகழ்வு இதைத்தான் காட்டுகிறது. மேலும், ஒருவர் கண்ட விலை மற்றவருக்குப் பயன்படாதபோது, விலைகளை ஒப்பிட்டு விற்பவரைக் கட்டுக்குள் வைக்கும் ஆற்றலை வாங்குவோர் அனைவருமே இழக்கின்றனர்.

சட்டங்கள் இருவகையாக இதை எதிர்கொண்டுள்ளன. முதல் வகை, அறிவிக்கச் சொல்வது. தானியங்கி முடிவின் வழியே விலை தனிநபருக்கேற்ப அமைந்திருந்தால் அதை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2022 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. நியூயார்க் மாநிலம் 2025இல் இயற்றிய சட்டமோ, தனிநபர் தரவைக் கொண்டு அல்காரிதம் விலையை அமைத்தது என்ற அறிவிப்பை விலையின் அருகிலேயே தெளிவாகக் காட்டச் சொல்கிறது. மீறல் ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கவும் இடமுண்டு. தாம் விரும்பாத வாசகத்தைச் சொல்லும்படி கட்டாயப்படுத்துவது பேச்சுரிமைக்கு எதிரானது என்று சில்லறை வணிகர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கை நீதிபதி ஜெட் ரேகாஃப் அக்டோபரில் தள்ளுபடி செய்தபின், சட்டம் நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாம் வகை, செயலையே விலக்குவது. பழகிய வாடிக்கையாளரிடமே செயலிகள் கூடுதலாக வாங்குகின்றன என்ற குறை பரவலாக எழுந்த சீனாவில், 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, தானியங்கி முடிவுகளின் வழியே விலையில் நியாயமற்ற வேறுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. எது நியாயமற்றது என்பதைச் சட்டம் வரையறுக்காததால், அதன் வலிமை அதை நடைமுறைப்படுத்துவோரைப் பொறுத்தே அமைகிறது.

இந்தியாவில், கைப்பேசியின் வகையைப் பொறுத்து ஒரே பயணத்துக்கு வெவ்வேறு கட்டணம் காட்டப்படுவதாக எழுந்த புகார்களை அடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜனவரியில் ஓலா, ஊபர் நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அவ்வாறு வேறுபாடு காட்டுவதில்லை என்று இரு நிறுவனங்களும் மறுத்தன. பொட்டலப் பொருள்களுக்கு அதிகபட்ச சில்லறை விலை என்ற உச்சவரம்பு இங்கு இருந்தாலும், வாடகைக் கார், விமானப் பயணம், விடுதி அறை போன்ற சேவைகள் அதற்குள் அடங்குவதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கிறதே தவிர, அந்தத் தரவைக் கொண்டு விலை வைப்பதைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை.

அறிவிப்பு மட்டும் இதற்குத் தீர்வாகாது. தன் விலையை அல்காரிதம் அமைத்தது என்று அறிந்தவர், அது அடுத்தவருக்குக் காட்டிய விலை என்ன என்பதை அறிவதில்லை. ஆகவே, தகுதியை வெளிப்படையாக அறிவித்து எவருக்கும் வழங்கும் சலுகைகளையும், தேவைக்கேற்ப எல்லோருக்கும் ஒன்றுபோல மாறும் விலைகளையும் அனுமதித்து, தனிநபர் தரவைக் கொண்டு மறைவாக விலை வைப்பதை மட்டும் குறுகிய, தெளிவான சொற்களில் தடை செய்வதே தகுந்த சட்டமாகும். அல்காரிதத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காண விற்பவருக்கு மட்டுமே இயலும் என்பதால், தடை மீறப்படவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் அச்சட்டம் அவர்மீதே சுமத்த வேண்டும்.