மழை வந்தால் மறையும் இணையம்

வீட்டு இணையம் முழுவதுமாகப் பழுதாகிவிட்டால், ஒரு வகையில் அது நல்லது. தொழில்நுட்பர் வருவார், பழுது அவர் கண்ணில் படும், சரிசெய்துவிட்டுப் போவார். தொல்லை தருவது வந்து வந்து போகும் பழுதுதான். நாம் புகார் செய்யும்போது இருக்கும். அவர் வந்து பார்க்கும்போது இருக்காது. "லைன் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்புவார். மறுநாள் மாலை மோடத்தில் மீண்டும் சிவப்பு விளக்கு எரியும்.

கிள்ளானில் வரிசை வீடொன்றில் வசிக்கும் என் படிவம் நான்கு மாணவி ஒருவரின் வீட்டில் இந்தக் கதை இரண்டு மாதம் நீடித்தது. அவருடைய அம்மா வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்பவர். மாலை நேரத்தில் பேச்சு பாதியில் அறுந்துபோவது வாடிக்கையானது. இனியும் இப்படி நடந்தால் அலுவலகத்துக்கே வந்து வேலை பார்க்க வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அப்படியானால் படுக்கையில் இருக்கும் பாட்டியை யார் பார்த்துக்கொள்வது? நான்கு முறை புகார் செய்தார்கள். நான்கு முறையும் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது.

வந்தவர் வேலை செய்யவில்லை என்று திட்டுவது எளிது. ஆனால் அவர் கருவியால் அளந்துதான் சொன்னார். அந்த அளவில் என்ன இருந்தது என்று பார்ப்போம்.

ஒளியிழை இணைப்பில் உங்கள் வீட்டுக்கு வருவது மின்சாரம் அல்ல, ஒளி. தலைமுடியைப் போல மெல்லிய கண்ணாடி இழையின் நடுவில், சுமார் 9 மைக்ரோமீட்டர் அகலமே உள்ள உள்ளகத்தில் அது ஓடுகிறது. நீங்கள் படிக்கும் முழு அக எதிரொளிப்புதான் அதை வெளியே கசியாமல் பிடித்து வைக்கிறது. இழையைக் கூர்மையாக வளைத்தால் அந்தப் பிடி தளர்ந்து, ஒளியில் ஒரு பகுதி வெளியேறிவிடும்.

கண்ணாடியே ஒளியை விழுங்கிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1966-இல் இங்கிலாந்தில் ஆய்வு செய்த சார்லஸ் காவ், இழப்புக்குக் காரணம் கண்ணாடி அல்ல, அதில் கலந்திருக்கும் மாசுகளே என்று காட்டினார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபெல்கூட இழப்பதில்லை. ஆகவே பழுதைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: இணைப்புகள், அழுக்கேறிய முனைகள், வளைவுகள்.

ஒளியின் திறனை டிபிஎம் என்னும் அலகில் அளப்பார்கள். 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். ஒவ்வொரு 3 டெசிபெல் குறையும்போதும் திறன் பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. ஒரே இழை 32 வீடுகளுக்குப் பிரிக்கப்பட்டால் ஒளி ஐந்து முறை பாதியாகிறது, அதாவது 15 டெசிபெல் அங்கேயே போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து சேர்வது சில மைக்ரோவாட் மட்டுமே. பரவலாகப் புழங்கும் வீட்டு மோடங்களுக்கு -27 டிபிஎம் வரை, அதாவது 2 மைக்ரோவாட் வரை, ஒளி கிடைத்தால் போதும். அதற்குக் கீழே போனால் தரவு பிழையாகும், பிறகு தொடர்பே அறுந்துவிடும்.

மாணவியின் வீட்டில் அன்று காலை தொழில்நுட்பர் அளந்தது -24.8. எல்லைக்குள் இருக்கிறது, தேர்ச்சி! ஆனால் எல்லைக்கும் அதற்கும் இடையே 2.2 டெசிபெல்தான் மிச்சம். இன்னும் 40 விழுக்காடு ஒளி குறைந்தாலே வாசலைத் தொட்டுவிடும். -20 இருக்கும் வீட்டிலோ 80 விழுக்காடு குறையும்வரை இணையம் தாங்கும். இரண்டு வீடுகளுக்கும் "லைன் நன்றாக இருக்கிறது" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். தேர்வில் 40 எடுத்தவரும் 90 எடுத்தவரும் தேர்ச்சிதான் என்பது போல.

மாணவியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னேன். தேதி, இணையம் போன நேரம், திரும்பிய நேரம், சிவப்பு விளக்கு எரிந்ததா, வெளியே வானிலை எப்படி, மோடத்தை அணைத்துப் போட்டார்களா என்று ஆறு பத்தி. கடைசிப் பத்திக்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளர் சேவையில் முதல் கேள்வியே "மோடத்தை அணைத்துப் போட்டீர்களா?" என்பதுதான். போட்டால் இணையமும் வந்துவிடுகிறது. அதனால் வந்ததா, அதற்குப் பிறகு வந்ததா? இதைப் பிரித்தறிய, சில தடவை மோடத்தைத் தொடாமலே காத்திருக்கச் சொன்னேன். அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி என்று எழுதிக் குவிக்கிறோமே, அது இங்கேதான் பயன்படுகிறது.

14 நாளில் 11 தடவை இணையம் போனது. அவற்றில் 2 தடவை சிவப்பு விளக்கு எரியவில்லை. மாணவி பின்னறையில் வைஃபையில் இருந்தபோது நடந்தவை அவை. லேன் கேபிளில் இணைத்திருந்த அம்மாவின் கணினிக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. ஆகவே அது வைஃபை தொலைவுச் சிக்கல், லைனோடு சேராது. மீதி 9 தடவையும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்பதும் காற்றோடு மழை பெய்த மாலைகள். அவற்றில் 3 தடவை மோடத்தை யாரும் தொடவில்லை. காற்று அடங்கியதும் இணையம் தானாகவே வந்தது.

ஐந்தாவது புகாரில் "இணையம் சரியில்லை" என்று எழுதவில்லை. அட்டவணையை இணைத்து, பழைய நான்கு புகார் எண்களையும் குறிப்பிட்டு, மூன்று கோரிக்கைகள் வைத்தார்கள்: கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிளைச் சோதியுங்கள், கேபிளை அசைத்தபடி அளந்து பாருங்கள், அளந்த எண்ணை அறிக்கையில் எழுதிக் கொடுங்கள். இதற்கும் பதில் இல்லையென்றால் அதே கோப்பை எம்சிஎம்சி ஆணையத்துக்கு அனுப்பலாம் என்று வைத்திருந்தார்கள். தேவைப்படவில்லை.

இம்முறை வந்தவர் வேறொரு கருவி கொண்டு வந்தார். அது இழைக்குள் ஒரு கணநேர ஒளித்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர் ஓடும். எதிரொலி 0.42 மைக்ரோநொடியில் திரும்பினால், போய்வந்த தூரம் 84 மீட்டர். பழுது 42 மீட்டரில். வெளியே போய்ப் பார்த்தால் அங்கே ஒரு மாமரக் கிளை கேபிளின்மேல் சாய்ந்து அதை மடக்கியிருந்தது. கிளையை அவர் லேசாக ஆட்டியதும் அளவு -28-க்கு இறங்கி, மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நீங்களும் நோட்டுப் புத்தகம் போடுங்கள், ஆனால் கண்ணாடி இழையைக் கழற்றாதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். முனையை உற்றுப் பார்க்காதீர்கள். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒளித்திறன் எண் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சில மோடங்களில் தெரியும்.

கேபிளை மாற்றியபின் அந்த வீட்டின் அளவு -19.6 டிபிஎம். முன்பிருந்த -24.8-உடன் ஒப்பிட்டால் ஒளி எத்தனை மடங்கு கூடியிருக்கிறது? கணிப்பானில் 5.2-ஐப் பத்தால் வகுத்து, பத்தின் அடுக்காகப் போடுங்கள். மூன்றுக்குச் சற்று மேலே வர வேண்டும்.