வெற்றிடத்தின் பயன்



கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி என் ஊர். பட்டு நெசவால் பெயர் பெற்றது. தலைமையாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற நான், மாலை வேளைகளில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குக் கற்பிக்கின்றேன்.

2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து, செயற்கை நுண்ணறிவு மாணவரிடையே பழகிய சொல்லாகிவிட்டது. அதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் உரையைப் ‘பிராம்ப்ட்’ என்பர். நாம் அதனைக் கட்டளை என்றே வழங்குவோம்.

பயிற்சிக் கணக்குகள் வேண்டி நானும் நாள்தோறும் புதிது புதிதாகக் கட்டளை எழுதி வந்தேன். ஒருநாள், கணக்குகள் எந்த வகுப்பிற்கு என்பதைக் குறிப்பிட மறந்தேன். வந்தவற்றைப் படித்துப் பாராமலே பிள்ளைகளுக்குக் கொடுத்தும் விட்டேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நெடுநேரம் தாளையே நோக்கியிருந்து, “எனக்குக் கணக்கு வராது, சார், நாளையிலிருந்து அப்பாவுக்குத் தறியில் துணையாக இருக்கிறேன்” என்று சொல்லிப் போய்விட்டாள். பின்னர்த் தாளைப் பார்த்தேன். அத்தனையும் பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாடுகள்! பிழை என்னுடையது, தன்னைக் குறைவாக எண்ணிக் கலங்கியவள் அவள்.

மறுநாள் அவள் வீட்டிற்குச் சென்று உண்மையைச் சொன்னேன். அவள் தந்தை தறியில் இருந்தார். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி; அதில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கின. “ஒவ்வொரு சேலைக்கும் அட்டை புதிதாகக் குத்துவீர்களா?” என்று வினவினேன். அவர் சிரித்து, “பூ மாறாத வரையில் அட்டை மாறாது, ஐயா. ஊடை நூலின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்வோம்” என்றார். எனக்கு வேண்டிய பாடம் அந்த விடையில் இருந்தது.

மாறாததை ஒருமுறை செம்மையாக எழுதி வைத்து, மாறுவதற்கு மட்டும் பெயரிட்ட வெற்றிடம் விடவேண்டும். அன்றிரவு நான் எழுதிய கட்டளை இது:

“[வகுப்பு] மாணவர்க்கு, [பாடப்பகுதி] பற்றி, [எண்ணிக்கை] பயிற்சிக் கணக்குகள் எழுதுக. [வகுப்பு] பாடத்திற்கு அப்பாற்பட்ட முறைகள் வேண்டா. விடைகளை இறுதியில் தனியே தருக. வெற்றிடம் எதுவும் நிரப்பப்படாதிருந்தால், நீயாக ஊகிக்காமல் என்னைக் கேள்.”

இதன் கீழ், வகுப்பு: ஏழாம் வகுப்பு, பாடப்பகுதி: சதவீதம், எண்ணிக்கை: 10 என்று மூன்று வரி சேர்த்தால் போதும். நாளை வேறு பாடமாயின் அந்த ஒரு வரியே மாறும். எழுதும் நேரம் குறைவதோடு, இன்றியமையாத செய்தி விடுபடும் அச்சமும் குறைகின்றது.

இம்முறை தமிழுக்குப் புதிதன்று. யாப்பிலக்கணத்தில் ‘தேமா’ என்பது மாமரத்தைச் சுட்டுவதில்லை. நேர் நேர் என அசை அமைந்த எச்சொல்லும் வந்து நிற்கக்கூடிய இடத்தின் பெயர் அது. பட்டு என்பது தேமா. நெசவு என்பது புளிமா. ஆரணி என்பது கூவிளம். சொல் மாறினும் வாய்பாடு மாறுவதில்லை.

மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, வெற்றிடத்தின் பெயர் தெளிவாக இருக்கட்டும். ‘அது’, ‘இது’ என்பவற்றினும் ‘பாடப்பகுதி’ என்பது நன்று. இரண்டாவது, ஒரு பொருளுக்கு ஒரே பெயரை ஆளுங்கள். ஓரிடத்தில் ‘வகுப்பு’ என்றும், மற்றோரிடத்தில் ‘நிலை’ என்றும் எழுதினால் குழப்பமே விளையும். மூன்றாவது, அனுப்புமுன் ஒவ்வொரு வெற்றிடமும் நிரம்பியதா என்று பாருங்கள். விடை வந்தபின் அதனையும் சரிபாருங்கள். அட்டை செம்மையாக இருப்பினும் இழை அறுவதுண்டு. கட்டளை செம்மையாக இருப்பினும் இப்பொறி தவறான விடையை உறுதியோடு சொல்வதுண்டு.

துளையட்டையால் நெய்யும் தறியை 1804இல் செம்மைப்படுத்தியவர் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு. அவ்வட்டை முறையைப் பிற்காலத்தில் ஆங்கிலேயர் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்தில் எடுத்தாண்டார். ஆதலின், கணிப்பொறி தறிக்கு அயலான கலை அன்று என்று அம்மாணவிக்குச் சொன்னேன். அவள் மீண்டும் வகுப்பிற்கு வந்தாள். இப்பொழுது எங்கள் கட்டளையின் வெற்றிடங்களை நிரப்புபவள் அவளே. வந்த கணக்குகளை முதலில் போட்டுப் பார்ப்பவளும் அவளே. சென்ற வாரம் ஒரு விடையில் பிழை கண்டு, தாளை என்னிடம் நீட்டினாள். அவள் கண்டதே சரி.